வான்வழிப் பிரசங்கமும் வரும்பொருளும்

கிறிஸ்தவ போதகர் வானொலியையும் தொலைக்காட்சியையும் கைக்கொண்டு தம் சமயத்தை வீடுதொறும் புகுத்துகின்றனர் என்றும், அவ்வாயிலாகவே பெரும்பொருள் ஈட்டுகின்றனர் என்றும் சைவ சபைகளிற் குறைகூறுதல் வழக்கமாயிற்று. குறைகூறுவோர் பலர், அம்முறை யாங்ஙனம் தோன்றிற்று, யாதனால் வளர்ந்தது, அதன்கட் குற்றமாவது யாது, கொள்ளத்தக்கது யாது என ஆராய்ந்தோர் மிகச் சிலர். ஆராயாது கூறும் குறை கூறப்பட்டாரைச் சென்று சாராது, கூறினார்மேலே மீளும். ஆதலின் அம்முறையை அடிதொட்டு நோக்குதல் சைவர்க்கு வேண்டற்பாலதாயிற்று.

கருவி யாதொரு சமயத்தார்க்கும் தனியுரிமையன்று என்பதை முதற்கண் உளங்கொள்ளுதல் வேண்டும். யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் (1822–1879) பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தின் தமிழாக்கத்துக்கு உதவிய காலத்தே, பாதிரிமாரின் பள்ளிக்கூடம், பிரசங்கம், அச்சியந்திரம் என்னும் மூன்றன் வலிமையையும் அருகிருந்து கண்டார்கள். கண்டு வாளா இருந்தாரல்லர். 1847 டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார்கள். 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். 1849-இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி மீண்டார்கள். அவ்வாண்டிலேயே திருவாவடுதுறை ஆதீனம் அவர்களது பிரசங்கத்தை வியந்து 'நாவலர்' என்னும் பட்டத்தைச் சூட்டியது. பிரசங்கமாவது பாதிரிமார் முறையன்றோ என ஆதீனம் தயங்கியதில்லை. அச்சியந்திரம் புறச்சமயத்தார் கருவியென்று அன்று ஒதுக்கப்பட்டிருப்பின், பெரியபுராண வசனமும் பாலபாடமும் சைவர் இல்லங்களிற் புகுந்திரா. ஆகவே, 'வானொலியிற் பேசுகின்றனர்' என்பது ஒருவர்மேற் குற்றமாகாது. பேசுவது யாது, பேசிக் கேட்பது யாது என்பவற்றிலேயே குற்றமுங் குணமும் உள.

மேலைநாட்டிற் சமயப் பிரசங்கம் வானொலியோடு உடன்பிறந்தது என்றே கூறலாம். அமெரிக்காவிற் பிட்ஸ்பர்க் நகரத்துக் கே.டி.கே.ஏ. நிலையம் ஒலிபரப்பத் தொடங்கி இரண்டு திங்களே ஆகியிருந்தபோது, 1921 ஜனவரி 2-ஆம் நாள், அந்நகரத்துக் கால்வரி தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டை ஒலிபரப்பிற்று. இலண்டன் பி.பி.சி. 1924 ஜனவரி 6-இல் தேவாலய வழிபாடொன்றை முதன்முதல் ஒலிபரப்பியது. அவ்வாண்டிலேயே ஏமி செம்பிள் மக்பர்சன் என்னும் போதகி லாஸ் ஏஞ்சல்ஸில் தமக்கெனத் தனி நிலையமே அமைத்தார். 1931 பிப்ரவரி 12-இல் மார்க்கோனியின் துணைகொண்டு வத்திக்கான் வானொலி தொடங்கப்பெற்றது; அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளில் தென்னமெரிக்காவிலுள்ள கீத்தோ நகரத்தில் எச்.சி.ஜே.பி. என்னும் பாதிரிமார் நிலையம் எழுந்தது. பதினோராண்டுக்குள் நிகழ்ந்தன இவை.

இனிப் பொருளீட்டல் யாண்டுப் புகுந்தது என்பதைக் காண்க. அமெரிக்காவின் பெரிய ஒலிபரப்புக் குழுமங்கள் பழைய திருச்சபைகளுக்கு விலையின்றி நேரம் ஈந்தன. அங்ஙனம் இடம்பெறாத போதகர் சிறு நிலையங்களிலும் மியூச்சுவல் என்னும் குழுமத்திலும் நேரத்தை விலைகொடுத்து வாங்கினர். விலைக்கு வாங்கிய நேரத்துக்குப் பொருள் வேண்டும். பொருளைக் கேட்போரிடமே கேட்டல் வேண்டும். கேட்போர் மிகுந்தாலன்றிப் பொருள் மிகாது. கேட்போர் மிகுதற்கு மேலும் பல நிலையங்களில் நேரம் வாங்கல் வேண்டும். இங்ஙனம் சக்கரம் சுழலத் தொடங்கிற்று. இச்சக்கரத்தின் இயல்பை அறிந்த மியூச்சுவல் குழுமம் 1944-இல் விலைச் சமயநேரத்தை ஞாயிறு காலைக்குள் அடக்கி, வானொலியிற் பொருள் வேண்டுதலையும் தடுத்தது. 1960-இல் அந்நாட்டு ஒலிபரப்பு ஆணையம் விலைக்கு விற்ற சமயநேரத்தையும் நிலையங்களின் பொதுநலக் கணக்கிற் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. அதன்பின் விலையின்றி நேரம் கொடுப்பார் அருகினர். விலைகொடுக்க வல்லாரே பேசலாயினர். அடக்கமாகப் பேசும் போதகரின் குரல் தேய்ந்து, பொருள் திரட்ட வல்ல போதகரின் குரல் ஓங்கியதற்குக் காரணம் இதுவே. சமயத்தின் இயல்பு இவ்வாறு செய்ததன்று. சந்தையின் இயல்பு செய்தது.

அச்சக்கரம் யாது செய்யும் என்பதற்கு 1987-ஆம் ஆண்டே சான்று. 'விதை விசுவாசம்' என்னும் கொள்கையைப் பரப்பிய ஓரல் ராபர்ட்ஸ், குறித்த நாளுக்குள் 80 இலட்சம் டாலர் சேராவிடின் இறைவன் தம்மை அழைத்துக்கொள்வான் என்று தொலைக்காட்சியில் அறிவித்தார். முடிவிற் பெருந்தொகை ஈந்து உதவியவர் நாய்ப்பந்தயக் களத்து உரிமையாளர் ஒருவர். இறைவன் விதித்த கெடுவுக்குச் சூதாட்டப் பணம் துணைநின்றது வியப்பே. அவ்வாண்டிலேயே ஜிம் பேக்கர் என்னும் தொலைக்காட்சிப் போதகரின் நிறுவனம் சரிந்தது. ஆயிரம் டாலர் ஈவார்க்கு ஆண்டுதோறும் மூன்றிரவு தங்கும் உரிமை வாணாள்முழுதும் உண்டு என்று கூறி, இருந்த அறைகளுக்கு மிகப் பலமடங்கு உரிமைகளை அந்நிறுவனம் விற்றது. 1989-இல் நீதிமன்றம் அவரை 24 குற்றங்களுக்கு உரியர் எனக் கண்டு 45 ஆண்டுச் சிறைவிதித்தது. பின்னர் அது குறைக்கப்பட்டு அவர் 1994-இல் விடுதலையாயினார். இவற்றைக் கூறுதல் கிறிஸ்தவர் யாவரும் அன்னர் என்றற்கன்று. பில்லி கிரகாம் 1950-இல் வானொலிப் பிரசங்கம் தொடங்கிய சில ஆண்டுக்குள், காணிக்கையைத் தாம் தொடாது நிறுவனத்தினின்று வரையறுத்த ஊதியமே பெறுவது என விதித்துக்கொண்டார். தம் சமயத்தாரின் குற்றத்தை முதற்கண் எடுத்துரைத்தவரும் கிறிஸ்தவரே. கணக்குக் காட்டும் நிறுவனங்கட்கென 1979-இல் ஓரவையம் நிறுவினர். பழிக்குங்கால் இதனையும் உடன்கூறுதல் முறைமையாம்.

தமிழகத்துக்கு இம்முறை கடல்வழியாக வந்தது. பாரத நாட்டினுள் ஒலிபரப்பு நெடுங்காலம் அரசின் தனியுரிமையாயிருந்தது. 1939 மே 16-இல் திருச்சிராப்பள்ளி நிலையம் தொடங்கிற்றேனும் தனியார் எவரும் நிலையம் நிறுவ இடமில்லை. எனவே போதகர் அயல்நாடுகளை நாடினர். இலங்கை வானொலி 1950-இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1952-இல் இந்திய வானொலி திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தவே, பாட்டு விரும்பிய தமிழ் மக்கள் இலங்கை வானொலிக்கு முகந்திருப்பினர். அப்பாடல்களைக் கேட்கத் திருப்பிய செவியிலேயே விலைக்கு வாங்கிய கிறிஸ்தவ நிகழ்ச்சிகளும் புகுந்தன. பின்னர்ப் பெபா என்னும் சங்கம் இந்துமாக்கடலிலுள்ள செய்செல்ஸ் தீவினின்று 1970 முதல் 2003 வரை சிற்றலையில் ஒலிபரப்பியது. மொரோக்கோ நாட்டுத் தாஞ்சியரில் 1954-இல் தொடங்கிய டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ இலங்கைப் புத்தளத்தில் 400 கிலோவாட் ஆற்றலுடைய மத்திய அலை நிலையத்தைக் கொண்டது. புத்தளத்தை அடுத்ததே முன்னேச்சரம். நாவலரவர்கள் சைவத்தைக் காத்த தீவினின்று, தொன்மையான சிவத்தலத்தின் அயலினின்று, இவ்வொலி எழுந்தது என்பதைச் சைவர் எத்துணைப் பேர் எண்ணினர்? கத்தோலிக்கரும் வத்திக்கானினின்றும் மணிலாவின் வேரித்தாஸ் வானொலியினின்றும் தமிழில் ஒலிபரப்பினர். ஆயின் அவை திருச்சபைப் பொருளால் நடந்தனவாதலின் அவற்றின் நடை வேறு.

கடல்கடந்த இந்நிலையங்கள் கேட்போரை எண்ணியறிய ஒரு வழியே கொண்டிருந்தன. அது கடிதம். நிகழ்ச்சியின் முடிவில் முகவரி கூறப்படும், கேட்டார் எழுதுவர், எழுதினார்க்கு மறுமொழியும் சிறு நூலும் அஞ்சல்வழிப் பாடமும் வரும். ஒவ்வொரு கடிதமும் பதிவுசெய்யப்பட்டுப் பின்தொடரப்படும். ஒருவனது துயரத்துக்கு ஒருவன் பெயரிட்டு மறுமொழி எழுதுதல் எத்துணை வலியது என்பதை இங்கு நின்று சிறிது எண்ணுதல் வேண்டும். வானொலி ஒருவழி வாயிலென்பர். அதனை இருவழியாக்கியது அஞ்சற்காரனது பை.

தமிழகத்தில் இதனை முற்றும் பயன்படுத்தியவர் டி.ஜி.எஸ். தினகரன். அவர் 1935-இல் சுரண்டையிற் பிறந்தவர். வங்கி அலுவலராயிருந்து பின்னர் முழுநேரப் போதகராய், 'இயேசு அழைக்கிறார்' என்னும் நிறுவனத்தை வளர்த்து, 2008-இல் மறைந்தார். வானொலியிலும் பின் தொலைக்காட்சியிலும் அவர் பேசினார்; அதனோடு நில்லாது, இரவுபகல் எந்நேரமும் தொலைபேசியில் அழைப்பார்க்காக வேண்டுதல் செய்யும் ஜெபகோபுரம் அமைத்தார். கூட்டத்தில் உள்ளார் சிலரைப் பெயர்சொல்லி விளித்து அவர் நோயைக் கூறும் வழக்கமும் அவர்பால் இருந்தது. குழந்தைகளின் பெயரைப் பதிந்து காணிக்கை செலுத்தினால் அவர்க்காக நாடோறும் வேண்டுதல் செய்யப்பெறும் என்னும் 'இளம் பங்காளர் திட்டம்' அந்நிறுவனத்தின் பொருள்வரவிற்கு ஒரு வாயிலாயிற்று. கோயம்புத்தூரை அடுத்து 1986-இற் காருண்யா கல்லூரியும் எழுந்தது. வங்கியிற் பயின்றார் ஒருவர் தவணைமுறையின் இயல்பறிந்து காணிக்கையைத் திட்டமாக்கினார் என்பது புனைந்துரையன்று. ஒருமுறை ஈவாரினும் மாதந்தோறும் ஈவாரே நிறுவனத்துக்குத் தூணாவர்; பிள்ளையின் பெயரால் ஈவார் எளிதில் நிறுத்தார். இஃது உண்மை. இதுவே ஆராயற்பாலதுமாம்.

கேட்போர் யாது கருதிக் கேட்கின்றனர்? திருவானைக்காவிலே அகிலாண்டேசுவரியின் உச்சிக்காலப் பூசையை, அருச்சகர் சேலையுடுத்துச் செய்யும் அப்பூசையை, நாடோறும் தவறாது கண்டு வந்த முதியாள் ஒருத்தி கால்முடங்கி வீட்டிற் கிடப்பாளாயின், அவளிடம் வருவார் யாவர்? திருநீறு கொணர்ந்து இடுவார் உளரோ? பதிகம் ஒன்று அருகிருந்து ஓதுவார் உளரோ? மக்கள் வெளியூரில் இருப்பர். கோயிலார்க்கு அவள் பெயரும் தெரியாது. இரவிலே உறக்கமின்றிக் கிடக்கும் அவளை நோக்கி, 'அம்மா, உன் வலியை ஆண்டவர் அறிவார்' என்னும் ஒரு குரல் பெட்டியினின்று எழுமாயின் அவள் அதனைக் கேளாது என் செய்வாள்? அவள் சமயம் மாறினாள் எனச் சினத்தல் பேதைமை. அவள் மாறவில்லை, தனித்திருந்தாள். போதகர் பெற்ற வெற்றியிற் பெரும்பகுதி அவர் வன்மையால் வந்ததன்று, சைவரது மறதியால் வந்தது என்பதே இதனாற் போந்த பொருள்.

இனிக் குற்றமென்று துணிந்து கூறத்தக்கது யாது? கொடுத்தால் நூறுமடங்காக மீளும் என்னும் உறுதிமொழியே அது. விதையை நிலத்திலிட்டாற்போலக் காணிக்கையைப் போதகர் கையிலிட்டால் நோய்நீக்கமும் செல்வமும் விளையும் என்பது அக்கொள்கை. சிவஞானபோதம் இரண்டாஞ் சூத்திரத்திற் கூறப்படுவது, வினைப்பயனை உயிர்க்குக் கூட்டுவது முதல்வனது ஆணையே என்பது. வினை தானே பயன்தாராது. பிறனொருவன் பயனை ஈட்டித் தருதலும் இயலாது. அங்ஙனமாக, பயனுக்குப் பிணைநிற்கும் போதகர் இறைவனது ஆணையைத் தம் கையிற் கொண்டாராகின்றார். விளையாவிடத்து 'நின் விசுவாசம் குறைந்தது' என்று கூறிப் பழியை ஈந்தான் மேலேயே ஏற்றுகின்றார். விதை விற்றவன் விளைச்சலின்மைக்கு நிலத்தைப் பழித்தல் போல்வது இது. நோயாளி முன்னே பொருளிழந்தான். பின்னே தன் அன்பிலும் ஐயுற்றான். இரண்டனுள் பின்னையது பெருங்கொடுமை.

சைவ நூல்களினும் காமிய வழிபாட்டுக்குப் பயன் கூறப்பட்டதன்றோ என்பாராயின், கூறப்பட்டது உண்மையே. ஆயினும் அப்பயன் கூறியோர் கைநீட்டி வாங்கினாரல்லர். திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபோது திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அடியார்க்கு அமுதளிக்க இறைவன் நாடோறும் படிக்காசு வைத்தருளினான். பொருள் வந்தது ஆண்டவனிடத்தினின்று. சென்றது பசித்தார் வயிற்றுக்கு. அதிலும் கைத்தொண்டு புரிந்த நாவுக்கரசரின் காசு வட்டமின்றி மாறிற்று என்றும், சம்பந்தரின் காசு வட்டங்கொடுத்து மாறிற்று என்றும் பெரியபுராணம் கூறும். இறைவன் புதல்வர்க்கும் காசின் மாற்றைக் கணக்கிட்ட நூல் அது. திருநின்றவூர்ப் பூசலார் கையிற் காசின்றி மனத்தே கோயில் எடுத்தார். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோனுக்கு அவ்வகக்கோயிலே முற்பட்டது. பொருளில்லார்க்கு அருளில்லை என்னும் கருத்து இவ்வரலாறுகளில் யாண்டும் இல்லை.

திருவானைக்காவின் புறமதிலைத் 'திருநீறிட்டான் திருமதில்' என வழங்குவர். சித்தராய் வந்த பெருமான் மதிற்பணி செய்தார்க்குத் திருநீற்றையே கூலியாக அளந்தான் என்றும், அது அவரவர் செய்த பணியளவுக்குப் பொன்னாயிற்று என்றும் தலவரலாறு கூறும். மண் சுமந்தவன் கையிலேயே அந்நீறு பொன்னாயிற்று. பணியின் அளவும் கூலியின் அளவும் ஒத்தன. இடையில் நின்று பங்கு கொண்டார் எவருமிலர். இன்றைக்கு அம்மதிலோரத்து வீடுகளிலே தொலைக்காட்சியின் அடியில் ஓடும் வங்கிக் கணக்கெண்ணைக் கண்டு கைப்பேசியிற் பணம் விடுவோன், அப்பணம் யார் கையில் எப்பணியாக மாறிற்று என்பதை எவ்வாறு அறிவான்?

முன்னோர் இதற்கு வழிவைத்திருந்தனர். சோழர்காலத்தில் ஒரு நந்தாவிளக்கெரிக்க 'சாவா மூவாப் பேராடு' என 96 ஆடு விடுதல் வழக்கம். விட்டவன் பெயர், ஆட்டின் எண், அவற்றை ஏற்ற இடையன் பெயர், அவன் நாடோறும் அளக்கவேண்டிய நெய்யின் அளவு ஆகிய யாவும் கல்லில் வெட்டப்பட்டன. கோயிலுக்கு வரும் எவனும் அதனைப் படிக்கலாம். விளக்கு அவிந்திருப்பின் இடையனைக் கேட்கலாம். கொடைக்கு உயிர் கணக்கே. வணிகர் செலுத்திய மகமையும் அன்னதே. வான்வழிக் காணிக்கைக்குக் கல்வெட்டு இல்லை. அமெரிக்காவில் தேவாலயங்கள் ஆண்டு வரவுசெலவு அறிக்கையினின்று விலக்குப் பெற்றிருத்தலின், 2007-இல் கிராஸ்லி என்னும் செனட்டர் ஆறு தொலைக்காட்சி நிறுவனங்களைக் கணக்குக் கேட்டபோது சில கொடுத்தன, சில கொடாவாயின. 2011-இல் அவ்விசாரணை தண்டனை ஒன்றுமின்றி முடிந்தது. இந்நாட்டில் அயல்நாட்டுப் பொருளுக்கு 1976 முதலே சட்டம் உண்டு. உள்நாட்டிற் சிறுசிறு தொகையாய்ப் பெருகும் காணிக்கையை ஈவோன் தான் கேட்டாலன்றி அறியான். அவன் கேட்பதில்லை. கேட்டல் அவிசுவாசம் என அவனுக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது.

இவ்வுரைகல்லைச் சைவர் தம் வீட்டிலும் உரைத்தல் வேண்டும். திருநீறு பூசி உருத்திராக்கம் அணிந்து காலைதோறும் தொலைக்காட்சியிற் றோன்றி இராசிக்கல்லும் எந்திரத்தகடும் விற்பார் பலர். இன்ன பரிகாரத்துக்கு இன்ன தொகை என எண்கூறி, வீட்டிலிருந்தே ஓமம் செய்விக்கலாம் என்பார் உளர். இவர் செய்வது ஓரல் ராபர்ட்ஸ் செய்ததனின் வேறாவது யாங்ஙனம்? ஆண்டுப் பேசியவன் தன் நூலை எடுத்துக்காட்டினான். ஈண்டுப் பேசுவோன் ஆகமப் பெயரை எடுத்துக்கூறுகின்றான், ஆகமத்தை ஓதியதுமிலன். பிறன் வீட்டு ஓட்டையைக் காட்டுமுன் இவ்வோட்டையை அடைத்தல் சைவ சபைகளின் கடன். அடையாது போதகரைப் பழிக்கும் மேடைப்பேச்சு கேட்பார்க்கு நகையையே தரும்.

மற்றொன்றும் ஈண்டு ஆராய்தற்குரித்து. வான்வழியாக எதனைக் கூறலாம், எதனைக் கூறலாகாது? தீக்கை நயனம், பரிசம், மானசம், வாசகம், சாத்திரம், யோகம், ஔத்திரி என எழுவகைப்படும். பறவை தீண்டிப் பொரிப்பது போலவும், மீன் நோக்கிப் பொரிப்பது போலவும், ஆமை நினைந்து பொரிப்பது போலவும் எனப் பரிச நயன மானசங்களுக்கு உவமை கூறுப. நயனமும் வாசகமும் உளவாதலின் திரைவழியே நோக்கியும் சொல்லியும் தீக்கை செய்யலாமன்றோ என இக்காலத்தார் சிலர் வினவுதல் உண்டு. அற்றன்று. மீன் தன் முட்டையை அறிந்து நோக்கும்; திரையிற் றோன்றுவான் எவரை நோக்குகின்றான்? மாணாக்கனது பக்குவம் அறிந்து செய்வதே உபதேசம். பக்குவம் அறியப்படாத இலக்கம் பேர்க்கு ஒரே சொல்லைக் கூறுதல் பிரசங்கமாகலாம்; உபதேசமாகாது. கிறிஸ்தவ போதகர் திரைமுன் கைவைத்து வேண்டுமாறு கேட்போரைப் பணித்து அருள் செல்லும் என்பதும், சைவவேடத்தார் திரைவழியே தீக்கை என்பதும் ஒரு பிழையின் இரு முகங்களே. நாவலரவர்கள் கோயிலிற் செய்தது பிரசங்கம். தீக்கைக்கு ஆசாரியர் திருமுன் சென்றார்கள். அவ்விரண்டனையும் அவர்கள் மயக்கியதில்லை.

பிரசங்கத்துக்கும் திருமுறைக்கும் வானொலி நல்ல வாயிலே. தருமபுரம் ப. சுவாமிநாதன் முதலாய ஓதுவார் பாடிய பதிகங்கள் ஒலிப்பதிவாக இல்லந்தோறும் புகுந்தன. அவற்றைக் கேட்டுப் பண்ணறிந்தார் பலர். அவை எவரிடமும் விளைச்சல் கூறிப் பொருள் கேட்டனவல்ல. ஆயின் பாட்டைக் கேட்பித்தல் பாதியே. கேட்டவள் துயரைக் கூறிக் கடிதம் எழுதினால் மறுமொழி எழுதுவார் சைவரில் இலர் என்பதே குறை. போதகரிடத்துக் கொள்ளத்தக்கது அவர் வாங்கிய நேரமன்று. அவர் எழுதிய மறுமொழி. திருவானைக்காவிலும் திருவரங்கத்தை அடுத்த தெருக்களிலும் நடைதளர்ந்து வீட்டிற் கிடக்கும் முதியோர் எத்துணைப் பேர் எனச் சைவ சபை எண்ணியறிதல் அரிதன்று. வாரத்துக்கு ஒருமுறை இளைஞர் இருவர் கோயில் திருநீற்றோடு சென்று பதிகம் ஓதி மீளுதற்கு அலைவரிசையும் வேண்டா, கணக்கெண்ணும் வேண்டா. ஈருருளி ஒன்று போதும். வெளியூரிலுள்ள மக்கள் பொருள் அனுப்ப விரும்பின் அனுப்புக. வரவும் செலவும் திங்கள்தோறும் சபையின் வாயிலில் எழுதி ஒட்டப்படுக.